கலெக்டருக்கு ஒரு கயிறு

ஜூன் 3, செவ்வாய்

காலை ரயிலில் ரெஜினா வந்து இறங்கினாள். ஒரு பெட்டி, ஒரு பை, ஒரு பூனை.

பூனை என்று அவள் சொல்கிறாள். கூடையைத் திறந்ததும் வெளியே வந்தது சின்னச் சிறுத்தை மாதிரி ஒன்று. காது நுனியில் குஞ்சம், கழுத்தைச் சுற்றி மப்ளர் கட்டியது போல முடி, வால் மட்டுமே ஒரு முழத்துக்கு மேல். எட்டு கிலோ இருக்குமாம். மெயின் கூன் என்று ஒரு பெரிய ஜாதியாம், இன்னும் வளருமாம். பெயர் கலெக்டர்.

"ஏம்மா, வேற பேரே கிடைக்கலையா?"

"அவன் உக்கார்றதப் பாருங்கப்பா, தெரியும்."

பார்த்தேன். என் சாய்வு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, மனு கொடுக்க வந்தவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தது. நான் போலீஸில் காலம் தள்ளி, சிறப்பு எஸ்.ஐ.யாக ரிட்டயர் ஆனவன். கலெக்டர் உட்கார்ந்திருந்தால் நின்றுதான் பழக்கம். காபியை நின்றுகொண்டே குடித்தேன்.

ரெஜினாவுக்கு அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. இத்தனை வருஷமாகச் சென்னையில் நர்ஸ். ஜூலை பதினெட்டு ஃப்ளைட். அதுவரை இங்கேதான் இருப்பாள். இவ்வளவு நாள் சேர்ந்தாற்போல் அவள் இந்த வீட்டில் இருந்து ரொம்பக் காலம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு வருவாள், மறுநாள் கிளம்பிவிடுவாள். நர்ஸ் வேலை அப்படி.

சாப்பாட்டின்போது பூனை விஷயம் வந்தது. அங்கே கொண்டுபோக முடியாது. பெங்களூரில் நிவேதா என்று சிநேகிதி இருக்கிறாள், வலை அடித்த பெரிய பால்கனி இருக்கிறதாம், அவள் வாங்கிக்கொள்ளத் தயாராம்.

"இங்கயே விட்டுட்டுப் போயேன்டி" என்றாள் பிலோமினா.

ரெஜினா அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "வீட்டுக்குள்ளயே அடைச்சு வச்சா அவனுக்குப் பைத்தியம் புடிச்சிரும்மா. சென்னைல மொட்டை மாடி முழுக்க வலை போட்டிருந்தேன். இங்க வெளிய விட்டா தெரு நாய், வண்டி. ஹார்னஸ் போட்டு, கயிறு மாட்டி, தினம் ஒரு சுத்து கூட்டிட்டுப் போகணும். அவனுக்கும் அது பழக்கமில்ல, இனிமேத்தான் பழகணும். நான் கிளம்புறதுக்குள்ள அப்பா கூட வெளிய போய்ப் பழகிட்டான்னா இங்க இருக்கட்டும். இல்லன்னா நிவேதா."

"டாக் ஸ்குவாட்ல நாப்பது கிலோ நாயைக் கயித்துல நடத்தினவன் நான்" என்றேன்.

"அதான்பா பயமா இருக்கு."

பாத்திரம் கழுவும்போது பிலோமினா சொன்னாள்: "பூனை இங்க இருந்தா தினம் போன் வரும்ங்க. பெங்களூருக்குப் போச்சுன்னா பெங்களூருக்குத்தான் போன் போகும்."

பூனைக்கு எதற்குப் போன் என்று கேட்டேன். தட்டைக் கொஞ்சம் சத்தமாகக் கவிழ்த்தாள்.

ஜூன் 4, புதன்

தில்லை நகரில் செல்லப் பிராணிகள் கடைக்குப் போனேன். பூனைக்கு ஹார்னஸ் என்றேன். கடைக்காரர் மணி கட்டின ஒரு மெல்லிய நாடாவை எடுத்துப் போட்டார். அதை எலிக்குத்தான் கட்டலாம். எட்டு கிலோ என்றதும் நாய்க்குட்டி அளவில் ஒன்று தந்தார். கழுத்துக்கு ஒரு பட்டை, நெஞ்சுக்கு ஒரு பட்டை, முதுகில் இரண்டையும் சேர்க்கிற பட்டை. முதுகில் வளையம். பக்கிள் உறுதியாக இருந்தது. பழகின சாமான் மாதிரி இருந்ததால் வாங்கிவிட்டேன்.

சாயங்காலம் மாட்டினேன். ரெஜினா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாட்டின கையோடு கயிற்றைப் பூட்டி, "வா" என்று வாசலுக்கு நடந்தேன். ஸ்குவாடில் அப்படித்தான். ஹார்னஸ் ஏறினால் டூட்டி ஆரம்பம், கழற்றினால் டூட்டி முடிந்தது. நடுவில் பேச்சுக்கே இடமில்லை. டயானா என்று என்னிடம் ஒரு லாப்ரடார் இருந்தது, ஹார்னஸைக் கையில் எடுத்தாலே விறைத்து நிற்கும்.

கலெக்டர் நாலு எட்டு வந்தது. அப்புறம் ரிவர்ஸ் எடுத்தது. தோளைச் சுருக்கி, தலையைக் குனிந்து, பின்னாலேயே போய்க்கொண்டே இருந்தது. என் கையில் கயிறு, கயிற்றில் ஹார்னஸ், ஹார்னஸுக்குள் ஒன்றுமில்லை. கேட் சாத்தியிருந்தது, நல்லவேளை.

"முடிக்கு மேல வச்சு இறுக்கிட்டீங்கப்பா. உள்ள உடம்பு சின்னது" என்றாள் ரெஜினா.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து பாலக்கரை போனேன். ஸ்குவாடுக்குத் தோல் சாமான் தைத்துக் கொடுத்தவரிடம் வெள்ளிக்கிழமையே ஒரு தோல் ஹார்னஸுக்குச் சொல்லி வைத்திருந்தேன். பிரமாதமாகத் தைத்திருந்தார். பித்தளை வளையம், உள்பக்கம் மெத்தை. வெளியே வர வழியே இல்லை.

மாட்டினேன். கலெக்டர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. கால் நாலும் விறைப்பாக, கண் மட்டும் திறந்திருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்துப்போய்விட்டதோ என்று நினைத்தேன். ரெஜினா சிரித்தாள், பாரமாக ஏதாவது முதுகில் ஏறினால் பூனைகள் இப்படித்தானாம்.

"ஸ்டாண்ட்" என்றேன். "அப்" என்றேன். கயிற்றை லேசாக ஒரு சுண்டு சுண்டினேன். கலெக்டர் தரையில் வழுக்கிக்கொண்டு ஒரு அடி வந்து, படுத்த வாக்கிலேயே நின்றது. பிலோமினா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ரெஜினாவின் சிரிப்பு நின்றுவிட்டது. வந்து கழற்றினாள். "சுண்டாதீங்கப்பா. ஹார்னஸ் முதல்ல சும்மா கிடக்கணும். அவன் மோந்து பாக்கணும். போட்டுக்கிட்டுச் சோறு சாப்பிடணும், தூங்கணும். நீங்க மாட்டின உடனே வேலை வாங்குறீங்க."

"வேலை வாங்காம எதுக்கு மாட்டுறது?"

பூனையைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 9, திங்கள்

ரெஜினா சென்னை போயிருக்கிறாள். பழைய ஆஸ்பத்திரியில் சர்டிபிகேட் வாங்க வேண்டும், விசா வேலையும் இருக்கிறது. சனிக்கிழமை வருவாள். நல்லதுதான். கூட்டம் இருந்தால் டிரெய்னிங் நடக்காது.

யோசித்துப் பார்த்தேன். தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. இந்த வீட்டில் பூனைக்கு ஆளாளுக்குச் சோறு போடுகிறார்கள். ஸ்குவாடில் முதல் சட்டமே அதுதான்: ஹேண்ட்லரைத் தவிர யாரும் சோறு போடக்கூடாது, தொடக்கூடாது, கொஞ்சக்கூடாது. கமிஷனரே வந்தாலும் தள்ளித்தான் நிற்க வேண்டும். சோறு ஒரே கையிலிருந்து வந்தால் நாய் அந்தக் கையைத்தான் பார்க்கும்.

பிலோமினாவிடம் சொன்னேன். இன்றிலிருந்து கலெக்டருக்கு நான் மட்டும்தான்.

"அது உங்களக் கண்டாலே கட்டிலுக்கு அடியில போகுதுங்க."

"பசிச்சா வரும்."

"பாவங்க."

"பிலோ, இது டிரெய்னிங்."

ஜூன் 10, செவ்வாய்

கோழி வேகவைத்து நானே உதிர்த்து வைத்தேன். வரவில்லை. கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. கையை நீட்டினேன், சீறியது. ராத்திரிக்கு மத்தி மீன் வைத்தேன். வாசனைக்குப் பக்கத்து வீட்டுப் பூனைதான் வந்தது.

ஜூன் 11, புதன்

சாப்பிடவில்லை. தண்ணீரும் குறைந்த மாதிரி தெரியவில்லை. டயானாகூட வந்த புதிதில் ஒரு நாள் அடம்பிடித்தது. பிலோமினா என்னோடு பேசுவதில்லை. அவளும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சீறக்கூட இல்லை. தலையைத் தரையில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தது. கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"சார், பூனை நாய் இல்ல. ரெண்டு மூணு நாள் சாப்பிடாம விட்டீங்கன்னா ஈரல் கெட்டுப்போயிரும். பெரிய ஜாதிக்கு இன்னும் ஆபத்து. யாரு குடுத்தா சாப்பிடுமோ அவங்களக் குடுக்கச் சொல்லுங்க. உடனே. சாப்பிடலன்னா தூக்கிட்டு வந்துருங்க."

போனை வைத்தேன். பிலோமினா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்னே தட்டோடு வந்துவிட்டாள். முழங்கால் வலிக்காரி, அப்படியே தரையில் குப்புறப் படுத்து, கையைக் கட்டிலுக்கு அடியில் நீட்டி, "வாடா என் ராசா, வாடா துரை, அந்த ஆளு போயிட்டாரு" என்றாள். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். அறையை விட்டு வெளியே போனேன்.

கூடத்திலிருந்து கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் நக்குகிற சத்தம். அப்புறம் மெல்லுகிற சத்தம்.

மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். பூனைக்காக நேர்ந்துகொண்டேன் என்று ஃபாதரிடம் சொல்லப் போவதில்லை.

ஜூன் 14, சனி

ரெஜினா வந்துவிட்டாள். பிலோமினா போனிலேயே எல்லாம் சொல்லிவிட்டிருக்கிறாள். வந்ததும் திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. பூனையை மடியில் வைத்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள், ஈறைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். நோயாளியைப் பார்க்கிற மாதிரி. பிறகு என் எதிரிலேயே நிவேதாவுக்குப் போன் போட்டாள்.

"ஜூலை அஞ்சாம் தேதி சனிக்கிழமை வர்றியா நிவி? ஆமா. கூட்டிட்டுப் போயிடு."

போனை வைத்துவிட்டு, "சாப்டீங்களாப்பா?" என்று மரியாதையாகக் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 15, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ரெஜினா புது ஹார்னஸ் வாங்குகிறாள். கார் பயணத்துக்காவது வேண்டும், வழியில் கூடையைத் திறந்து ஓடிவிட்டால் என்ன செய்வது என்கிறாள். பிலோமினாவின் ஜாக்கெட் அளவெடுக்கிற டேப்பை எடுத்து, பூனையின் முடியைத் தண்ணீர் தொட்டு அமுக்கி, கழுத்தை அளந்தாள், முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சை அளந்தாள். இரண்டு விரல் உள்ளே போகிற அளவுக்குத் தளர்வு இருக்க வேண்டுமாம், மூன்றாவது விரல் போகக்கூடாதாம். பள்ளிக்கூடப் பையன்களுக்குத் தைக்கிற மாதிரி வளர்வதற்கு விட்டு வாங்கலாமே என்றேன்.

"வளர்றதுக்கு விட்டா இப்போ கழண்டுடும்பா. வளர்ந்தா வேற வாங்கணும்."

பட்டை வேண்டாமாம். துணியில் பனியன் மாதிரி, நெஞ்சையும் முதுகையும் சுற்றிப் பிடிக்கிற வகை. இழுத்தாலும் ஒரே இடத்தில் அழுத்தாது, ரிவர்ஸ் எடுத்தாலும் தோளில் சிக்கிக்கொள்ளும். கிளிப் போடும்போது சத்தம் கம்மி. நாற்காலி காலியாக இருந்தும் ஏனோ நின்றுகொண்டேதான் பார்த்தேன்.

ஜூன் 20, வெள்ளி

ஹார்னஸ் கூரியரில் வந்தது. நீல நிறம். ரெஜினா அதைக் கலெக்டரின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் போட்டுவிட்டு, லால்குடிக்குச் சித்தி வீட்டில் சொல்லிக்கொண்டு வரப் போய்விட்டாள். இப்படி ஒவ்வொரு வீடாகப் போகிறாள். பகலில் அவள் வீட்டிலேயே இல்லை.

நான் தொடவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். நாற்காலியில்தான் கலெக்டர் படுத்திருந்தாரே.

கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்தார். ஹார்னஸை முகர்ந்தார். ஒரு தட்டு தட்டினார். அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். நான் பேப்பரைப் படித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு விரலை அசைக்கவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பந்தோபஸ்து டூட்டியில்கூட இப்படி முதுகு வலித்ததில்லை.

ஜூன் 23, திங்கள்

தினமும் தரையில்தான் பேப்பர். இன்று என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து படுத்தார். தொடவில்லை. அவரும் தொடவில்லை.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் பிலோமினா.

"பேப்பர் படிக்கிறேன்."

"நேத்துப் பேப்பருங்க அது."

ஜூன் 25, புதன்

இப்போது பிலோமினாவும் இதில் கூட்டு. அவள் கோழி அவிக்கிறாள், நான் ஹார்னஸைப் பிடித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். கழுத்து நுழைகிற வளையத்துக்கு அந்தப் பக்கம் கோழித்துண்டு. கலெக்டர் தலையை நுழைக்கிறார், தின்கிறார், தலையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். மறுபடி அவரே வருகிறார்.

இன்று கிளிப் போட்டேன். 'டிக்' என்றது. காதைப் பின்னால் மடித்தார். உடனே கழற்றிவிட்டேன். கோழி. மறுபடி 'டிக்'. கோழி. மாட்டின உடனே கழற்றுவதற்காக மாட்டுகிறேன். பழைய இன்ஸ்பெக்டர் பார்த்தால் எனக்கு மெமோ கொடுத்திருப்பார்.

ரெஜினாவிடம் சொல்ல வேண்டாம் என்று பிலோமினாவிடம் சொல்லிவிட்டேன். எப்படியும் ஐந்தாம் தேதி போகப் போகிற பூனை. எனக்குப் பொழுது போகிறது, அதனால் செய்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

ஹார்னஸோடு சாப்பிட்டார். ஹார்னஸோடு தூங்கினார். பக்கவாட்டில் விழவில்லை. துணி லேசு, அதனாலா, அல்லது வேறு எதனாலோ. கயிற்றையும் மாட்டி வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு திரிய விட்டோம். கயிறு கட்டில் காலில் சிக்கினபோது திரும்பி என்னைப் பார்த்தார். சீறவில்லை, சும்மா பார்த்தார். நான் எழுந்து போய் எடுத்துவிட்டேன்.

சந்தோஷமாக இருந்தது. ராத்திரி இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

பூசையிலிருந்து வந்ததும் கொல்லைக் கதவைத் திறந்தோம். ரெஜினா மேலே துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கலெக்டர் வாசற்படியிலேயே உட்கார்ந்து ரொம்ப நேரம் காற்றை முகர்ந்தார். அப்புறம் ஒரு கால். அப்புறம் இன்னொரு கால். முருங்கை மரத்தடி, தண்ணீர்த் தொட்டி, துணி துவைக்கிற கல். ஒவ்வொன்றையும் இன்ஸ்பெக்ஷன் பண்ணினார். கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். எங்கே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஓணானைப் பார்த்துப் பாய்ந்தபோது என் தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆயிற்று. எட்டு கிலோ என்றால் எட்டு கிலோதான். ஹார்னஸ் அசையவில்லை.

மாடி ஜன்னல் திறந்திருந்தது. ரெஜினா பார்த்தாளா என்று தெரியவில்லை. ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

கொடியில் ஹார்னஸ் துவைத்துக் காயப் போட்டிருந்தது. பிலோமினா துவைக்கவில்லையாம். யார் துவைத்தால் என்ன, சேறாகத்தான் இருந்தது.

ஜூலை 3, வியாழன்

ராத்திரிச் சாப்பாட்டில் ரெஜினா, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாளைக்குக் காலைல அவனத் தெருமுனை வரைக்கும் கூட்டிட்டுப் போங்கப்பா. நான் பாக்கறேன்."

"நிவேதா சனிக்கிழமை வருதே."

"அது சனிக்கிழமை. இது வெள்ளிக்கிழமை."

பிலோமினா எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள், நான் கேட்காமலேயே. கை கழுவும்போது கண்ணாடியில் பார்த்தேன், பரீட்சைக்குப் போகிறவன் மூஞ்சி மாதிரி இருந்தது. எனக்கு இந்தப் பூனை வேண்டும். எழுதிவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெயில் ஏறுவதற்கு முன்னே கிளம்பினோம். ரெஜினா கேட்டிலேயே நின்றுகொண்டாள். கலெக்டர் கேட்டைத் தாண்டி, சாக்கடைப் பலகையைத் தாண்டி, வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன் என்று நினைக்கிறேன். தெருமுனை தெரிந்தது.

ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் வீட்டுப் பக்கம் வரும்போது தண்ணீர் லாரி திரும்பியது. ஹாரன் வேறு. கலெக்டர் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டார். முடியெல்லாம் சிலிர்த்து இரண்டு மடங்கு ஆகிவிட்டார். லாரி ஒதுங்கிப் போய்விட்டது. அவர் அசையவில்லை. நடுத்தெரு.

என் கை தானாகக் கயிற்றை இறுக்கியது. அது முப்பது வருஷத்துக் கை. ஒரு சுண்டு, ஒரு அதட்டல், நாய் எழுந்து நடக்கும். முனை இதோ இருக்கிறது, ஐம்பதடி கூட இருக்காது. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கயிற்றை விட்டேன். முழுசாக இல்லை, பிடி கையில்தான் இருந்தது, தளர விட்டேன். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் ரோட்டில் உட்கார்ந்தேன். முதுகை லாரி போன பக்கம் திருப்பி, அந்தப் பக்கத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார். "என்ன சவரிமுத்து சார், மயக்கமா? தண்ணி கொண்டாரவா?"

"இல்ல சார். கலெக்டர் உக்காந்திருக்காரு."

அவர் பூனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய் அவர் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாடியில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஸ்கூட்டர் ஒன்று சுற்றிக்கொண்டு போயிற்று. போலீஸ்காரன் ரோட்டில் உட்கார்ந்தால் தெருவே கூடுகிறது. வெட்கமாகத்தான் இருந்தது. எழுந்திருக்கவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. ரெஜினா வந்து பூனைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள், ரோட்டில், நைட்டியோடு. கலெக்டர் நடுவில்.

"எவ்வளவு நேரம்பா உக்காருவீங்க?"

"அவர் எந்திரிக்கிற வரைக்கும்."

"டயானா இப்படி உக்காந்திருந்தா?"

"அவ உக்கார மாட்டா. விட்டாத்தானே உக்கார."

"ஆமா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் உக்காந்ததில்லல்ல இந்த வீட்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கோபமாகச் சொல்லவில்லை. பதிலுக்காகக் காத்திருக்கவில்லை, பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவள் வகிடு எடுத்துச் சீவிக்கொள்கிற மாதிரியே இப்போதும் சீவியிருந்தாள். பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றிரண்டு நரை தெரிந்தது. இவளுக்கு நரைக்க ஆரம்பித்துவிட்டது என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ஹெட்மாஸ்டர் சம்சாரம் இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தார். ரோட்டில் உட்கார்ந்து குடித்தோம்.

கலெக்டர் எழுந்தார். சோம்பல் முறித்தார். தெருமுனைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பி, எங்கள் வீட்டை நோக்கி நடந்தார். வால் கொடிக்கம்பம் மாதிரி. நான் பின்னால் போனேன். ரெஜினா டம்ளரைக் கொடுத்துவிட்டு வந்தாள். முனை வரைக்கும் போகவில்லை. தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டேன்.

அங்கே நிற்கும்போது அடுப்படி ஜன்னல் வழியாகக் கேட்டது. "நிவி, நாளைக்கு வர வேணாம்... இல்லடி, நல்லாத்தான் இருக்கான். இங்கயே இருக்கட்டும். அப்பாகிட்ட."

பிலோமினா வெளியே வந்தாள். நான் முருங்கைக்காய் பறிக்கிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். மரத்தில் காய் கிடையாது. அவளும் பக்கத்தில் வந்து நின்று மேலே பார்த்தாள்.

ஜூலை 9, புதன்

முனை வரைக்கும் போனோம். சும்மா குறித்து வைக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

ரெஜினா கிளம்பிவிட்டாள். ஏர்போர்ட்டுக்குள் போவதற்கு முன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடம் வந்து, "முடியை வாரத்துக்கு ரெண்டு தடவ சீவுங்க. வயித்துப் பக்கம் முடி சிக்கு விழும். மழை பேஞ்சா வெளிய கூட்டிட்டுப் போகாதீங்க" என்றாள். எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்றேன். உள்ளே போன பிறகும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வீட்டுக்கு வந்தால் கலெக்டர் அவள் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். நானும் கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

பிலோமினா சொன்னது சரிதான். தினமும் போன் வருகிறது, வீடியோவில். வந்ததும் நான் போனைக் கலெக்டர் மூஞ்சிக்கு நேரே பிடித்துக்கொள்ள வேண்டும். என்ன சாப்பிட்டான், எவ்வளவு தூரம் போனான், ஹார்னஸ் இறுகிடுச்சா, ரெண்டு விரல் போகுதா. ரிப்போர்ட் கொடுக்கிறேன். ஒழுங்கான ரிப்போர்ட். முடிந்ததும் போன் பிலோமினாவிடம் போய்விடுகிறது. அங்கே குளிராம், ஸ்வெட்டர் வாங்கிவிட்டாளாம், பிலோமினா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இது போதும். போன் வருகிறதே.

ஜூலை 27, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, கலெக்டரைக் கொல்லையில் ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தோம். போன் அடித்தது. பிலோமினா குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள், நான்தான் எடுத்தேன். கலெக்டர் நாற்காலியில் கால் நக்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போலப் போனை அவர் பக்கம் நீட்டி, ரிப்போர்ட்டை ஆரம்பித்தேன். காலையில் அவித்த கோழி, தண்ணீர் நன்றாகக் குடித்தார், ஓணான் பக்கம் இரண்டு முறை பாய்ந்தார்.

"சரிப்பா" என்றாள். "அவன் நல்லா இருப்பான்னு எனக்குத் தெரியும். போனை உங்க பக்கம் திருப்புங்க."

"எதுக்கு?"

"உங்களப் பாக்கலாம்னுதான். தினமும் அவன் மூஞ்சியத்தானே காட்டுறீங்க."

திருப்பினேன். ஒரு ஓரத்தில் சின்னதாக என் முகம் தெரிந்தது, ஷேவ் பண்ணாமல். பெரிதாக அவள். பின்னால் ஒரு ஜன்னல், ஜன்னலில் மழை.

"சொல்லும்மா" என்றேன். "என்ன விஷயம்?"

"விஷயம் ஒண்ணும் இல்லப்பா. சும்மாதான் பண்ணேன்."

சும்மா வருகிற போனில் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. அவளிடமே சொல்லிவிட்டேன். எனக்கும் தெரியாதுப்பா என்றாள். சரி என்று தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவளும் அங்கே தரையில் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் அவள், வார்டில் ஒரு கிழவர் மாத்திரை சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்த கதையை ஆரம்பித்தாள். அவர் எப்போது சாப்பிட்டார் என்று கேட்டேன். சொன்னாள்.

குழம்பு இறக்கி, சோறு ஆறி, பிலோமினா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். போனைக் கேட்கவில்லை. கலெக்டர் நாற்காலியிலிருந்து இறங்கி, என்னைப் பார்த்து ஒரு தடவை கத்திவிட்டு, சாப்பாட்டுக்குப் பிலோமினாவிடம் போய்விட்டார்.